ஊர் என்றால் யார்?

தமிழில் யாரும் யாரிடமும் கூச்சமில்லாமல் கேட்டுவிடக்கூடிய கேள்வி ஒன்று உண்டு: "எந்த ஊருங்க?" பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் கேட்பார். வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் வீட்டுக்காரம்மா கேட்பார். ஊர்ப் பேரைச் சொன்னதோடு விடமாட்டார்கள். "ஊர்லயா, காலனியிலயா?" என்று அடுத்தது வரும். முதல் கேள்விக்கு இடத்தைச் சொன்னவன் இரண்டாவது கேள்விக்குச் சாதியைச் சொல்லியாக வேண்டும். அதே சொல்தான். ஒரு மூச்சுக்குள் அர்த்தம் மாறிவிடுகிறது.

என் அம்மா கூலி வாங்கப் புறப்படும்போது "ஊருக்குள்ள போயிட்டு வந்துர்றேன்" என்றுதான் சொல்வாள். ரேஷன் கார்டிலும் ஓட்டர் லிஸ்டிலும் அவளுக்கும் அதே ஊர்ப் பேர்தான். பிறந்து, வளர்ந்து, வாழ்க்கைப்பட்ட ஊருக்குள் அவள் போய்விட்டு வரவேண்டியிருந்தது. சின்ன வயசில் எனக்கு இதில் எதுவும் உறுத்தவில்லை. மொழியின் சாமர்த்தியம் இதுதான். ஒதுக்கப்பட்டவர் வாயாலேயே ஒதுக்கலைச் சொல்ல வைத்துவிடும்.

அகராதிகள் ஊர் என்பதற்குக் கிராமம், நகரம், அங்கே குடியிருக்கும் மக்கள் என்று பொருள் சொல்கின்றன. எந்த மக்கள் என்று சொல்வதில்லை. அதைப் பேச்சு வழக்கு சொல்கிறது. ஊர்க்கிணறு, ஊர்ப்பொது, ஊர்க்கூட்டம், ஊர்க்கட்டுப்பாடு. இவற்றில் எதில் நாம் இருந்தோம்? ஊர்க்கிணற்றில் வாளி விட முடியாது. ஊர்க்கூட்டத்தில் தூர நின்று கும்பிட வேண்டும். ஊர்க்கட்டுப்பாட்டில் மட்டும் நமக்கு முழு இடம், தண்டம் கட்டுகிறவர்களாக. ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பது பழமொழி. கண்டதேவியில் தேர் வடத்தைத் தொடும் உரிமைக்காகத் தலித்துகள் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. மேடை ஏறினால் கணியன் பூங்குன்றனாரின் அந்த ஒரு வரியைச் சொல்லாத ஆள் கிடையாது. எல்லா ஊரும் நம்ம ஊர் என்று உலகத்துக்குச் சொல்கிறவர்கள், சொந்த ஊரில் பாதியை ஊர் என்று ஒப்புக்கொள்வதில்லை.

இது நேற்று வந்த வழக்கமும் இல்லை. சோழர் காலக் கல்வெட்டுகளில் ஊர் என்பது நிலம் வைத்திருந்த குடிகளின் அவைக்கும் பெயர். பிராமணருக்குச் சபை, வணிகருக்கு நகரம், வேளாண் குடிகளுக்கு ஊர். முதலாம் இராசராசனின் (985–1014) தஞ்சைக் கோயில் கல்வெட்டு வரி நீங்கிய நிலங்களை எண்ணும்போது ஊர்நத்தத்தைத் தனியாகவும் பறைச்சேரியைத் தனியாகவும் சொல்கிறது. குளம், வாய்க்கால், சுடுகாடு இருக்கும் அதே பட்டியலில் நம் பாட்டன்மார் குடியிருப்பும் ஒன்று. ஆயிரம் வருசத்துக்கு முன்பே சேரி ஊருக்குள் இல்லை. கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

பஞ்சாயத்துக்கு 'ஊராட்சி' என்று பேர் வைத்தோம். 1996இல் மேலவளவு தனித்தொகுதியானது. தலைவராக வென்ற முருகேசனும் அவரோடு ஐந்து பேரும் 1997 ஜூனில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 2006 வரை பத்து வருசம் முறையாகத் தேர்தலையே நடத்த விடவில்லை. ஊர் என்றால் தாங்கள்தான், தங்களை ஆளச் சேரிக்காரன் வருவதா என்ற ஆத்திரம்தான் இரண்டுக்கும் பின்னால் இருந்தது.

இலக்கிய விமர்சனமும் இந்தச் சொல்லைக் கேள்வி கேட்டதில்லை. வட்டார நாவல் ஒன்று வந்தால் "ஊரையே கண்முன் நிறுத்திவிட்டார்" என்று எழுதுவார்கள். அந்த ஊரில் சேரி எந்தப் பக்கம் என்று தேடமாட்டார்கள். பாமாவின் 'கருக்கு' (1992) ஊரின் அழகைச் சொல்லித் தொடங்கி, அடுத்த கொஞ்ச நேரத்தில் யார் யார் எந்தத் தெருவில், தபாலாபீசும் பள்ளிக்கூடமும் யார் பக்கம் என்று எண்ணிக் காட்டுகிறது. இதைக் கிராம வருணனையாகப் படித்துப் பாராட்டியவர்கள் உண்டு. எனக்கு அது 'ஊர்' என்ற சொல்லின் மேல் நடத்திய விசாரணையாகவே படுகிறது.

இதோடு நிறுத்திக்கொண்டால் நமக்கு வசதி. ஆனால் இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' (1994) நிறுத்த விடவில்லை. சேரிக்குத் துணி வெளுத்து, சேரியில் சோறெடுத்துப் பிழைக்கும் ஆரோக்கியத்தின் கதை. அது வந்தபோது தலித் வட்டாரத்திலேயே எதிர்ப்பு கிளம்பியது. எனக்கும் கோபம்தான். நம்மைக் காட்டிக்கொடுத்துவிட்டார் என்று பேசித் திரிந்தேன்.

அப்புறம் ஒரு நினைவு வந்தது. எங்கள் தெருவுக்கும் அந்தியில் ராச்சோறு எடுக்க ஒரு கிழவி வருவாள். என் ஆயாவைவிட வயசில் மூத்தவள். பத்து வயசுப் பையன் என்னைச் 'சாமி' என்பாள். நான் அவளை 'வா, போ' என்பேன். ஒரு மழை நாளில் ஏன் இவ்வளவு நேரம் என்று அம்மா அதட்டினாள். "ஊருக்குள்ள வர்றதுக்குள்ள மழ புடிச்சிக்கிச்சி சாமி" என்றாள் கிழவி.

அவள் ஊர் என்று சொன்னது எங்கள் சேரியை. ஊருக்குள் போய் வருகிற என் அம்மாதான் அவளுக்கு ஊராக இருந்தாள்.

2025 ஏப்ரலில் தமிழக அரசு 'காலனி' என்ற சொல்லை ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்குவதாக அறிவித்தது. வரவேற்கிறேன். ஆனால் போர்டில் எழுத்தை அழித்தால், "ஊர்லயா, அந்தப் பக்கமா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அழுக்கு காலனி என்ற சொல்லில் மட்டும் இல்லை, ஊர் என்ற சொல்லில்தான் கூடுதல். நமக்குக் கீழே ஒருத்தியை நிறுத்தி வைத்துக்கொண்டு நாமும் அந்தச் சொல்லில் பங்கு கேட்டால், அவள் எங்கே போவாள்?

எழுதுகிற தோழர்களுக்கு ஒன்று. இனி "ஊரே திரண்டு வந்தது" என்று எழுதுமுன் வந்தவர்களைத் தெருத்தெருவாக எண்ணிப் பாருங்கள். நம் தெருவுக்குச் சோறெடுக்க வந்தவளின் வீட்டையும் சேர்த்து எண்ணுங்கள்.