கைப்பிடிக்குள் ஒரு மூங்கில் ஆணி

பெட்டியைத் திறந்ததும் எல்லாருக்கும் அலகைத்தான் பார்க்கத் தோன்றும். நான் முதலில் கைப்பிடியைக் கழற்றினேன். கட்டானா என்கிற ஜப்பானிய வாளின் நகல் எதை வாங்கினாலும், கையில் எடுத்து வீசலாமா, சுவரில் மாட்டி வைப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டுமா என்பதற்குப் பதில் அங்கேதான் இருக்கிறது.

மலிவான நகல்களில் எவர்சில்வர் அலகின் அடியில் பென்சில் பருமனுக்கு ஒரு கம்பியைப் பற்றவைத்து, கைப்பிடிக்குள் முடுக்கிவிடுகிறார்கள். ஓங்கி வீசினால் பற்று விட்டுப்போய் அலகு தனியே பறக்கும். எதிரே நிற்பவரின் உயிருக்கு ஆபத்து. நான் மூன்று மாதமாகப் பழகிவரும் இந்த வாளில் அலகே பட்டையாக நீண்டு கைப்பிடியின் கடைசிவரை போகிறது. ஜப்பானியக் கொல்லர்கள் தங்கள் பெயரைப் பொறிப்பது, யார் கண்ணிலும் படாத இந்த வால் பகுதியில்தான். அதைக் கழன்றுவிடாமல் பிடித்திருப்பது மெகுகி எனும் சிறு மூங்கில் ஆணி. இரும்பாணி இன்னும் உறுதியாக இருக்குமே என்று தோன்றலாம். மூங்கில் நார் அதிர்வைத் தாங்கிக்கொள்ளும். படக்கென்று ஒடியாமல் நார்நாராகப் பிரிந்து முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும். எனக்கு வந்த வாளில் ஆணி சற்று லூசாக இருந்தது. முற்றிய மூங்கிலைச் சீவி வேறொன்று செய்து இறுக்கினேன்.

கைப்பிடி மரத்தின்மேல் திருக்கை மீனின் சொரசொரப்பான தோல், அதன்மேல் பருத்தி நாடா. நாடா ஒன்றையொன்று குறுக்கிடும் இடங்களில் ஒருமுறை இடப்பக்கம் மேலே, அடுத்தமுறை வலப்பக்கம் மேலே என்று மாறிமாறி வரவேண்டும். இதில் எல்லா முடிச்சும் ஒரே பக்கமாகப் போகின்றன. சுற்றியவர் அவசரப்பட்டிருக்கிறார். இந்த வாளில் என்னை உறுத்தும் குறை இது ஒன்றுதான்.

உறையிலிருந்து உருவுவதைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். இடக்கைக் கட்டைவிரல் ட்சுபாவை, அதாவது கைக்காப்புத் தட்டை, மெல்ல முன்னே தள்ளும். அலகின் அடியைக் கவ்வியிருக்கும் ஹபாகி என்ற பித்தளைக் கவசம், மர உறையின் வாயிலிருந்து 'டொக்' என்று விடுபடும். அந்தச் சிறு எதிர்ப்புக்குப் பிறகு எங்கும் உரசல் இல்லை. மெத்தைமேல் வாளைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தேன்; நழுவவில்லை. உள்ளே அலகு ஆடவும் இல்லை. ஹபாகியைத் தவிர வேறெங்கும் அலகை இறுகப் பிடிக்காதபடி உறையைக் குடைவதுதான் வேலைப்பாடு. ஜப்பானில் மரபுப்படி உறை செய்பவர்கள் ஹோனோகி மரத்தை இரு பாதியாகக் குடைந்து சோற்றுப் பசையால் ஒட்டுவார்கள். பின்னாளில் பிரித்துத் துடைக்கலாம்.

அலகு 71 செ.மீ., மொத்த எடை 1,090 கிராம். ட்சுபாவிலிருந்து 13 செ.மீ. தள்ளி விரல்மேல் நிறுத்தினால் சமமாக நிற்கிறது. மொட்டைமாடியில் இரு கையால் மேலிருந்து இறக்கினால் முனை தானே வழிகண்டு போவதுபோல் இருக்கிறது. நிறுத்தும்போதுதான் எடை மணிக்கட்டில் தெரியும். முதுகையொட்டி ஓடும் போஹி எனும் பள்ளம் எடையைக் குறைப்பதோடு இன்னொன்றும் செய்கிறது: அலகு நேராகக் காற்றைக் கிழித்தால் 'விஷ்ஷ்' என்று ஒலிக்கிறது, மணிக்கட்டு கொஞ்சம் சாய்ந்தாலும் ஒலி தேய்ந்துவிடுகிறது. முதல் வாரம் எனக்குப் பத்தில் இரண்டு வீச்சுதான் பாடியது.

அலகோரத்து அலைக்கோடு ஹமோன். முதுகில் தடிமனாகவும் கூரில் மெலிதாகவும் களிமண் பூசி, பழுக்கக் காய்ச்சி நீரில் தோய்க்கும்போது கூர்ப்பகுதி கடினமாகும், முதுகு மிருதுவாகவே நிற்கும். அந்த இரண்டும் சந்திக்கும் எல்லைதான் கோடு. பல நகல்களில் அமிலத்தாலோ கம்பித் தூரிகையாலோ அதை வரைந்துவிடுகிறார்கள். எந்தக் கோணத்திலும் ஒரேமாதிரி தெரியும். இதில் விளக்கொளியில் சாய்த்தால்தான் பனிமூட்டம்போல் எழும்பி மறைகிறது. 0.6 சதவீதக் கரிமம் கொண்ட சாதாரண 1060 எஃகில் இவ்வளவு எதிர்பார்க்கவில்லை.

கரிம எஃகு என்பதால் நம் கடலோரக் காற்றில் விரல்ரேகை பட்ட இடம்கூடத் துருவேறும். கிராம்பு வாசனையுள்ள சோஜி எண்ணெயை மென்துணியில் தொட்டு மெல்லிய படலமாகத் தடவுகிறேன். சமையல் எண்ணெய் பிசுக்குப் பிடிக்கும். அலங்காரத்துக்கு மட்டும் வாள் தேடுபவருக்கு இவ்வளவு பராமரிப்பு வேண்டாம். பழக விரும்புபவர் தயங்காமல் வாங்கலாம், கூர் தீட்டாததாகப் பார்த்து. நான் ஒவ்வொரு மாலையும் உருவுவதற்கு முன் கட்டைவிரலால் அந்த மூங்கில் ஆணியை ஒருமுறை அழுத்திப் பார்த்துக்கொள்கிறேன்.