நட் என்னும் சின்னப் பட்டை

ஃபெண்டர் 1954-இல் கொண்டுவந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார் வடிவம் இன்று புதிதாகக் கற்பவர்களுக்கும் கட்டுப்படியாகிறது என்றால், அதற்குக் காரணம் அந்த நிறுவனத்தின் ஸ்குவையர் வரிசை. வாங்கிக் கொஞ்ச நாளிலேயே கை பரபரக்கும்: பிக்கப்பை மாற்றலாமா, வேறு கிட்டாரே வாங்கிவிடலாமா?

கொஞ்சம் பொறுங்கள். முதலில் புதுக் கம்பி போடுங்கள். பிறகு நட்டைப் பாருங்கள். கழுத்தின் உச்சியில், ஆறு பள்ளங்களோடு இருக்கும் சின்னப் பட்டை அது. ஜி கம்பியை இழுத்து வளைத்து வாசித்துவிட்டு விடும்போது சுருதி இறங்கி நிற்கிறதா? முறுக்காணியைத் திருகும்போது 'டிக்' என்று சத்தம் வருகிறதா? கம்பி பள்ளத்தில் சிக்குகிறது. பழியோ முறுக்காணிக்குப் போகிறது! பென்சில் கரியைப் பள்ளத்தில் தேய்த்தாலே பெரும்பாலும் வித்தியாசம் தெரியும். நல்ல கைக்காரர் எலும்பில் நட் செதுக்கிப் பொருத்தினால், திறந்த கம்பியின் நாதமே தெளிந்துவிடும். எனக்கு இதைவிட நிறைவான செலவு வேறில்லை.

அடுத்து, 12-ஆம் ஃப்ரெட்டில் கம்பியை லேசாகத் தொட்டு ஒரு முறை, அழுத்தி ஒரு முறை மீட்டுங்கள். அழுத்திய சுரம் ஏறி ஒலித்தால் பிரிட்ஜில் கம்பி அமரும் சேடிலைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். திருப்புளி போதும், காசு வேண்டாம்.

பிக்கப் கடைசியில்தான். அதுவும் கழுத்து உங்கள் கைக்குப் பிடித்திருந்தால் மட்டும். கழற்றிய பழைய பிக்கப்பை மட்டும் பத்திரமாக வையுங்கள். கிட்டாரை விற்க நேர்ந்தால் திரும்பப் பொருத்தலாம்.