வைக்கோல் வீடும் பாட்டியின் அத்தாப்பும்

பல்கலைக்கழகத்தில் நான்கு வருஷம் சிவில் இன்ஜினியரிங் படித்தேன். ஒரு நாள்கூட யாரும் வைக்கோலைப் பற்றிப் பேசியதில்லை. அதனால் பழைய புத்தகக் கடையில் 'தி ஸ்ட்ரா பேல் ஹவுஸ்' கண்ணில் பட்டபோது சிரிப்புதான் வந்தது. சிரிக்கத்தான் வாங்கினேன். மூன்று இரவில் படித்து முடித்தேன். சிரிப்பு போய்விட்டது, ஆனால் ஓர் எரிச்சல் வந்து உட்கார்ந்துகொண்டது.

1994இல் அமெரிக்காவில் வெளியான நூல். அதீனா ஸ்வென்ட்செல் ஸ்டீன், பில் ஸ்டீன், டேவிட் பெயின்பிரிட்ஜ் மூவரும் டேவிட் ஐசன்பெர்க்கோடு சேர்ந்து எழுதியது. இயந்திரத்தில் அழுத்திக் கட்டிய வைக்கோல் கட்டுகளைச் செங்கல் மாதிரி அடுக்கி, இருபக்கமும் சாந்து பூசி எப்படி வீடு கட்டலாம் என்று சொல்கிறது. கையேடுதானே என்று ஒதுக்க முடியவில்லை. வீடு என்பது என்ன, அதை யார் கட்ட வேண்டும் என்று ஒரு பார்வை அதற்குள் இருக்கிறது. அந்தப் பார்வையோடுதான் எனக்குப் பேச வேண்டியிருக்கிறது.

இந்த வீட்டின் கதை நெப்ராஸ்கா மாநிலத்தின் மணல்மேடுகளில் தொடங்குகிறது. 1904இல் வந்த ஒரு சட்டம் அங்கே குடியேறியவர்களுக்கு 640 ஏக்கர் வரை நிலம் கொடுத்தது. நிலம் இருந்தது, மரம் இல்லை. மண்ணை வெட்டிச் சுவர் வைக்கலாம் என்றால் மணல் உதிர்ந்தது. கையில் இருந்தது புல்லும் வைக்கோலும், அவற்றைக் கட்டாக்கும் இயந்திரமும்தான். அதையே அடுக்கினார்கள். ஆர்தர் என்ற சிற்றூரில் 1928இல் அப்படிக் கட்டிய தேவாலயம் இன்னும் நிற்கிறது.

சும்மா சொல்லக்கூடாது, தொழில்நுட்பம் உறுதியானது. அவிழ்த்துக் கொட்டிய வைக்கோல் சட்டென்று பற்றும். இறுக்கிக் கட்டிச் சாந்தும் பூசிவிட்டால் உள்ளே காற்றுக்கு வழியில்லை, எளிதில் பற்றாது. ஏறக்குறைய 45 சென்டிமீட்டர் தடிமன், வெயில் உள்ளே வர நேரமெடுக்கும். 2015இல் அமெரிக்காவின் வீட்டுக் கட்டட விதித்தொகுப்பில் இதற்கென்று தனி இணைப்பே சேர்த்தார்கள். உண்மையான எதிரி ஈரம். கட்டின் எடையில் ஈரம் 20 விழுக்காட்டைத் தாண்டி அப்படியே நின்றால் பூஞ்சை பிடித்துவிடும். சிமெண்ட் பூச்சு ஈரத்தை உள்ளேயே அடைக்கும். சுண்ணாம்பும் களிமண்ணும் அதை வெளியே விடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாட்டியிடம் படங்களைக் காட்டினேன்.

"ஏன்டா தம்பி, இவங்ககிட்ட காசு இல்லையா?"

"இருக்கு பாட்டி. ஆசைப்பட்டுக் கட்டுறாங்க."

"ஆசைப்பட்டா?" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தோட்டத்துல நாங்க அத்தாப்பு வீட்ல இருந்தப்ப, ராத்திரி மழை பேஞ்சா பாயைச் சுருட்டிக்கிட்டு சொவத்தோரமா நிப்போம். தகரம் போட்ட அன்னிக்கு உங்க தாத்தா கோழி அடிச்சாரு."

என் எரிச்சலுக்கு அப்போதுதான் பெயர் கிடைத்தது. நெப்ராஸ்காக்காரர்கள் வேறு வழியில்லாமல் கட்டினார்கள். பலகையும் சிமெண்டும் எளிதாகக் கிடைக்கத் தொடங்கியதும் 1940களில் இந்தப் பழக்கம் ஏறக்குறைய நின்றுபோனது. அவர்களும் ஏதோ ஒரு வகையில் கோழி அடித்திருப்பார்கள். பின்னால் இதை மீட்டெடுத்தவர்கள் வேறு வீடு கட்ட வழி இருந்தும் இதைத் தேர்ந்தெடுத்தவர்கள். இல்லாமையில் எழுந்த சுவரும் விருப்பத்தில் எழுந்த சுவரும் படத்தில் ஒரே மாதிரிதான் தெரியும். நூல் இரண்டையும் ஒரே பரம்பரையாகக் கோக்கிறது. நண்பர்கள் கூடி வாரக் கடைசியில் சுவர் எழுப்பும் மகிழ்ச்சியைப் படிக்கும்போது, என் சைட்டில் வெயிலில் சாந்து பூசும் வங்காளதேச அண்ணன்களைத்தான் நினைத்தேன். அவர்களுக்கு அது திங்கள் முதல் சனி வரை.

ஆனால் இங்கேயே முடித்தால் நான் நேர்மையில்லாதவன். ஆசிரியர்களில் ஒருவரான அதீனா, நியூ மெக்சிகோவின் சாண்டா கிளாரா பியூப்லோ பூர்வகுடிச் சமூகத்தைச் சேர்ந்தவர். மண் வீடு அங்கே தலைமுறைகளாக வருவது, ஃபேஷன் இல்லை. கையால் சாந்து பூசும் ஒரு படத்தைப் பாட்டியும் தாண்டிப் போகவில்லை. விரலால் அந்தச் சுவரைத் தடவிப் பார்த்து, "நல்லா பூசுது இந்தப் புள்ள" என்றார். சாணி மெழுகிய தரையில் பிள்ளைகளை வளர்த்த கை அது. நான் எத்தனையோ சுவர்களின் வரைபடத்தைச் சரிபார்த்திருக்கிறேன், ஒரு சுவரைக்கூடப் பூசியதில்லை. வாழ்பவரின் கை வீட்டில் பட வேண்டும் என்று நூல் சொல்வதை என்னால் மறுக்க முடியவில்லை.

இது நம் வாசிப்புக்கும் பொருந்தும். தோட்டத்துக் கதைகளில் அத்தாப்பு வந்தாலே நாம் உருகிவிடுகிறோம், ஒழுகியதை மறந்துவிடுகிறோம். ஒழுகியதை மட்டும் சொல்லும் கதையில் மெழுகிய கை காணாமல் போகிறது. இரண்டையும் ஒரே பக்கத்தில் வைக்கிற எழுத்துதான் எனக்கு வேண்டும். இந்த நூல் பாதிதான் வைக்கிறது.

அதை அப்படியே இங்கே கொண்டுவரவும் முடியாது. தெற்கு அரிசோனாவின் டூசான் நகரில் ஆண்டுக்குச் சுமார் 300 மில்லிமீட்டர் மழை. கோலாலம்பூரில் 2,000ஐத் தாண்டும், காற்றே ஈரம். ஆனால் கேள்வியைக் கொண்டுவரலாம். கலிபோர்னியாவில் 1990களில் நெல் வைக்கோல் எரிப்பதைச் சட்டம் போட்டுக் குறைத்தார்கள். வைக்கோல் வீட்டுக்கு அங்கே ஆதரவு கூட அதுவும் ஒரு காரணம். செகின்சானில் அறுவடைக்குப் பிறகு எழும் புகையை நாம் காருக்குள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கடக்கிறோம்.

நூல் கிடைத்தால் படியுங்கள். வீட்டில் அத்தாப்புக்குக் கீழே தூங்கியவர் யாராவது இருந்தால், அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு படியுங்கள்.