செங்கேணியின் நடை

2021-இல் வெளிவந்த ‘ஜெய் பீம்’ படத்தைப் பார்த்து அழாதவர்கள் குறைவு. அழுதது நியாயந்தான். ஆனால் கண்ணீர் ஒரு படத்துக்கு நற்சான்று ஆகிவிடாது.

இயக்குநர் த. செ. ஞானவேல் விழுப்புரம் மாவட்டத்து இருளர் குடும்பம் ஒன்றின் கதையாக இதைச் சொல்கிறார். மூலக் கதையோ, 1993-இல் கம்மாபுரம் போலீசாரின் பிடியில் மாண்ட ராஜாக்கண்ணுவுடையது. அவர் குறவர். இருளராக மாற்றிய காரணம் திண்டிவனம் பக்கத்தை அறிந்தவர்களுக்கு விளங்கும். துப்புத் துலங்காத திருட்டையெல்லாம் இருளர் தலையில் கட்டுவது அங்கே பழைய வழக்கம். பேராசிரியர் பிரபா கல்விமணி முதலியோர் அவர்களுக்கென்று அங்கே சங்கம் கண்டதும் அதனால்தான். இருந்தும், குறவரின் துயரத்தில் குறவர் பெயரே இல்லாமற் போனது எனக்கு உறுத்துகிறது.

அடி உதைக் காட்சிகள் மிக நீளம். மூன்றாவது அடியிலேயே நமக்கு விளங்கிவிடுகிறது. படத்தின் உயிர் வேறிடத்தில் இருக்கிறது. மேலிடத்து உத்தரவு வந்ததும், செங்கேணியை ஜீப்பில் ஏறும்படி போலீசார் கெஞ்சுகிறார்கள். அவள் ஏறவில்லை. நடக்கிறாள், ஜீப் பின்னால் ஊர்ந்து வருகிறது. லிஜோமோள் ஜோஸ் அங்கே நடிப்பதாகவே தெரியவில்லை. சூர்யாவின் வக்கீல் கோர்ட்டில் பேசுவதெல்லாம் சேர்ந்தாலும் இந்த நடைக்கு ஈடாகாது.

நிஜத்தில் குற்றவாளிகளுக்குத் தண்டனை கிடைக்க 13 வருஷம் ஆயிற்று. 2006-இல்தான் ஹைகோர்ட் தீர்ப்பு வந்தது. படமோ மூன்று மணிக்குள் நம்மைத் திருப்திப்படுத்திவிடுகிறது. அந்த 13 வருஷமும் ராஜாக்கண்ணுவின் மனைவி எதைச் சாப்பிட்டாள், எத்தனை முறை பஸ் ஏறினாள் என்பதை யாரும் இன்னும் படமாக்கவில்லை.