தரவுத்தள வழங்கிக்கான வட்டுத் தேர்வு: வேக அட்டவணை போதுமா?

தரவுத்தள வழங்கிக்கான வட்டு, கோப்பு முறைமை ஆகியவற்றைப் பரிந்துரைக்கும் பல வழிகாட்டிகள் வேக ஒப்பீட்டில் தொடங்கி அதிலேயே முடிந்துவிடுகின்றன. இது குறையுள்ள அணுகுமுறை. "எழுதிவிட்டேன்" என்று வட்டு சொன்னால், அடுத்த நொடி மின்சாரம் நின்றாலும் அத்தரவு இருக்க வேண்டும். தரவுத்தளத்தின் முதல் தேவை இதுவே.

ஒரு பரிவர்த்தனையை உறுதிசெய்யும்போது, அதன் பதிவை வட்டில் நிலையாக எழுதுமாறு எஃப்சிங்க் என்ற அழைப்பின் மூலம் தரவுத்தளம் கேட்கிறது. வட்டு அதைத் தன் தற்காலிக நினைவகத்தில் மட்டும் வைத்துக்கொண்டு "முடிந்தது" என்றால் சோதனையில் வேகம் கூடும். மின்தடையில் தரவு போகும். மின்தடைக் காப்புக்கான மின்தேக்கிகள் உள்ள திண்மநிலை வட்டுகளோ அந்த நினைவகத்தில் உள்ளதையும் காப்பாற்றும். எனவே அவை அச்சமின்றி விரைவாகப் பதிலளிக்கலாம். வேகமும் பாதுகாப்பும் இங்கு எதிரிகள் அல்ல.

கொள்ளளவை மட்டும் கணக்கிட்டு ரெய்டு 5 அமைப்பைத் தேர்வதும் இத்தகைய பிழையே. அதில் ஒரு சிறு மாற்றத்துக்குப் பழைய தரவையும் பாரிட்டி என்னும் மீட்புத் தகவலையும் படித்து, இரண்டையும் புதிதாக எழுத வேண்டும். மொத்தம் 4 வட்டுச் செயல்கள். ரெய்டு 10 அமைப்பில் 2 எழுத்துகள் போதும்.

கோப்பு முறைமையிலும் பொதுவான "சிறந்தது" என ஒன்றில்லை. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் பக்க அளவு இயல்பாக 8 கிலோபைட். இசட்எஃப்எஸ் பதிவின் இயல்பான உச்ச அளவு 128 கிலோபைட். இதை மாற்றாமல் விட்டால் ஒரு பக்கம் மாறினாலும் பெரிய பதிவு முழுவதும் மீண்டும் எழுதப்படும். குறை இசட்எஃப்எஸ்ஸில் இல்லை, பொருந்தாத அமைப்பில் உள்ளது.

2018-இல் வெளிப்பட்ட சிக்கல் இன்னும் தெளிவான பாடம். லினக்சில் எஃப்சிங்க் ஒருமுறை தோற்றபின் மீண்டும் அழைத்தால், தரவு வட்டை அடையாமலேயே வெற்றி என்ற பதில் வரக்கூடும். போஸ்ட்கிரெஸ் அப்பதிலை நம்பிவந்தது. 2019 பிப்ரவரி வெளியீடுகள் முதல், அத்தகைய தோல்வியில் அது இயல்பாகவே தன்னை நிறுத்திக்கொண்டு, பதிவேட்டிலிருந்து மீள்கிறது. எந்த வேக அட்டவணையும் இக்குறையைக் காட்டியிராது.

மீண்டும் உருவாக்கிக்கொள்ளக்கூடிய தரவுக்கு வேகத்தை முதன்மையாக்கலாம். வங்கிக் கணக்கோ தேர்வு மதிப்பெண்ணோ இருக்கும் வழங்கியில், எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்னிணைப்பைத் துண்டித்துச் சோதிப்பதே முதல் தேர்வாக இருக்க வேண்டும். வேகம் அதன்பின் வரட்டும்.