உளி யார் கையில்?

வைத்திக்குப்பத்தில் கரையென்று மிச்சமிருப்பது பெரும்பாலும் கல்தான். புதுச்சேரித் துறைமுகம் கட்டிய பிறகு வடக்கே இருந்த மணலைக் கடல் அரித்துக்கொண்டு போனது. தடுப்பதற்குப் பாறைகளைக் கொட்டினார்கள். கல்லை உடைப்பது யார், செதுக்குவது யார் என்ற கேள்வியோடு முதலில் திருவக்கரைக்கும் பிறகு மாமல்லபுரத்துக்கும் போனேன்.

திருவக்கரையில் வக்கிரகாளி கல்லாக நிற்கிறாள். பௌர்ணமிக்குக் கூட்டம் தாங்காது. அதே வட்டாரத்தில் கல்குவாரிகள். வெடி வைப்பதும் இயந்திரம் ஓட்டுவதும் ஆண்கள். நான் பார்த்த இடத்தில் தலையில் சும்மாடு வைத்து ஜல்லி சுமந்தவர்கள் பெண்கள். மாமல்லபுரத்துப் பட்டறைகளிலும் இதே பாகுபாடுதான். அளவு போடுவது, உளி பிடிப்பது, கண் திறப்பது ஆண்கள். தண்ணீர் ஊற்றி உப்புத்தாளால் தேய்த்து மெருகேற்றுவது பெண்கள். "அது வேலை, சிற்பம் இல்லை" என்றார் ஒரு பட்டறைக்காரர். அம்மன் சிலையின் கன்னத்தில் நம் கண் வழுக்கிப் போகிறதே, அந்த வழவழப்பைக் கொடுத்த கைக்குக் கலையில் பங்கில்லை.

2017இல் மாமல்லபுரக் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊருக்குப் பெயர் வந்தது, தேய்த்தவளுக்கு வரவில்லை.

அந்த ஊரிலேயே மகிஷாசுரமர்த்தினி குகை இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டுப் பல்லவர் வேலை. எட்டுக் கைகளோடு துர்க்கை சிங்கத்தின் மேல் அமர்ந்து வில்லை வளைக்கிறாள். மகிஷன் கதையோடு பின்வாங்குகிறான். அவள் படைக்கு முன்னால் வாளேந்திய பெண் ஒருத்தியும் உண்டு. அவள் உடல் பார்ப்பவருக்காக நிற்கவில்லை, தன் காரியத்தில் இருக்கிறது. அதனால்தான் இந்தச் சிற்பம் எனக்குப் பெரிது. ஆனால் எட்டுக் கையிலும் ஆயுதம் கொடுத்த மரபு, நிஜப் பெண்ணின் ஒரு கையில்கூட உளியைக் கொடுக்கத் தயங்கியது. வழிபடுவதும் விலக்குவதும் ஒரே பழக்கத்தின் இரண்டு பக்கங்கள்.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. அமெரிக்கச் சிற்பி ஹாரியட் ஹோஸ்மர் 1852இல் ரோமுக்குப் போய்ப் பட்டறை வைத்தார். சங்கிலியில் பிணைத்தும் தலை குனியாத அரசி செனோபியாவை வெள்ளைச் சலவைக்கல்லில் வடித்தார். 1862இல் அது லண்டன் கண்காட்சிக்கு வந்தபின், செய்தது அவரல்ல, இத்தாலியக் கல்தொழிலாளிதான் என்று பத்திரிகைகளில் பேச்சு கிளம்பியது. ஹோஸ்மர் விடவில்லை. வழக்குத் தொடுப்பேன் என்றார். 1864இல் சிற்பத் தொழில் எப்படி நடக்கிறது என்று விளக்கிக் கட்டுரையும் எழுதினார். களிமண்ணில் உருவத்தைச் சிற்பி செய்வார். அதை அளந்து கல்லுக்கு மாற்றுவது கூலியாட்கள். ஆண் சிற்பிகளின் பட்டறையிலும் இதுதான் வழக்கம். ஆனால் அங்கே யாரும் கேள்வி கேட்கவில்லை.

ஹோஸ்மரின் பதில் நியாயமானது. ஆனால் பாதி நியாயம். கருத்து என்னுடையது, கல் வேலை கூலிக்காரருடையது என்ற அதே கோட்டில்தான் மாமல்லபுரத்தில் மெருகேற்றும் பெண்ணும் காணாமல் போகிறாள். 'சிற்பி' பட்டியலில் சில பெண்களைச் சேர்த்தால் போதும் என்று நாம் கேட்டால், அந்தக் கோடு அப்படியே இருக்கும்.

அதற்காகப் பட்டியல் வேண்டாமென்றும் சொல்ல முடியாது. கல் வேலை பெண்ணுக்கு ஆகாது என்ற பேச்சுக்கு நடுவே, கர்நாடகத்தின் கனகா மூர்த்தி, குரு வாதிராஜரிடம் மரபுச் சிற்பம் கற்று, 2021இல் இறக்கும்வரை கல்லோடு வாழ்ந்தார். அவர் பெயரை மாணவிகள் படிக்க வேண்டும். கூடவே, எந்தச் சிலை முன் நின்றாலும் இரண்டு கேள்விகளைக் கேட்கப் பழக வேண்டும்: இதில் இருக்கும் பெண் யார் பார்வையில் நிற்கிறாள்? இதைச் செய்தவர்களில் யாருக்குக் கூலி மட்டும் கிடைத்தது, பெயர் கிடைக்கவில்லை?