சிலந்திப் படமும் சிலந்திக் கடியும்

ஃபிராங்க் மார்ஷல் இயக்கிய ‘அரக்னஃபோபியா’ என்ற அமெரிக்கத் திரைப்படம் 1990-இல் வெளிவந்தது. தலைப்பின் பொருள் சிலந்தி அச்சம். வெனிசுவேலாக் காட்டுச் சிலந்தி ஒன்று சவப்பெட்டிக்குள் ஒளிந்து, கலிபோர்னியாவின் சிற்றூர் ஒன்றுக்கு வந்து பெருகுகிறது. கடிபட்டவர்கள் நொடிகளில் மடிகிறார்கள். படம் விறுவிறுப்பானதே. ஆனால், அறிவியல் கற்கும் நீங்கள் இதை எப்படிப் பார்க்க வேண்டும்?

முதலில் நிறையைச் சொல்லிவிடுவோம். ஊரின் மூத்த மருத்துவர், பிரேதப் பரிசோதனையின்றியே ஒரு மரணத்தை மாரடைப்பு என்று முடிவு கட்டுகிறார். புதிதாக வந்த மருத்துவரோ சான்று கேட்கிறார். பாராட்டத்தக்க பகுதி இது.

இனிக் குறை. கதாநாயகன் மருத்துவர். ஆயினும் படத்தில் கடிபட்ட எவருக்கும் சிகிச்சை நடப்பதில்லை! நொடியில் சாவு என்று கதையை அமைத்துவிட்டதால் மருத்துவத்துக்கு அங்கு வேலையே இல்லை. முடிவில் மருத்துவர் நெருப்பாலும் ஆணித் துப்பாக்கியாலும் சிலந்தியோடு போராடுகிறார்.

உண்மை நிலையைப் பாருங்கள். ஆஸ்திரேலியாவின் சிட்னிப் பகுதியில் புனல்வலைச் சிலந்தி வாழ்கிறது. 1927 முதல் 1980 வரை புனல்வலைச் சிலந்திக் கடியால் 13 பேர் இறந்ததாகப் பதிவு உண்டு. ஸ்ட்ரூவன் சதர்லண்ட் என்ற மருத்துவர் குழுவினரின் உழைப்பால் 1981-இல் நச்சுமுறி மருந்து பயனுக்கு வந்தது. அதன்பின் இச்சிலந்தியால் மரணம் பதிவாகவில்லை. அதாவது, படம் வெளிவருவதற்கு 9 ஆண்டுகள் முன்பே உலகின் மிகக் கொடிய சிலந்திகளுள் ஒன்றை மருத்துவம் வென்றிருந்தது!

அறிகுறிகள் யாவை? கடித்த இடத்தில் கடும் வலி, உதட்டைச் சுற்றித் துடிப்பு, வியர்வை, எச்சில் பெருக்கு, மயிர்க்கூச்சு, மூச்சுத் திணறல். கடிபடுவோரில் பெரும்பாலோர்க்குக் கடும் நச்சு ஏறுவதில்லை. எனினும் ஒவ்வொரு கடியையும் ஆபத்தாகவே கருதி உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்கிறார்கள்.

முதலுதவியில் எளிய இயற்பியல் இருக்கிறது. நச்சு பெரும்பாலும் நிணநீர்க் குழாய்கள் வழியே பரவுகிறது. அவற்றில் அழுத்தம் குறைவு. தசை அசைந்தால் ஓட்டம் கூடும். எனவே கைகால் முழுவதும் அகலமான துணியை அழுத்தமாகச் சுற்றி, மட்டை வைத்துக் கட்டி, அசையாமல் வைத்தால் நச்சு பரவுவது தாமதப்படும். நாடித் துடிப்பு நிற்குமளவு இறுக்கக் கூடாது. கீறுவதும் உறிஞ்சுவதும் தவறு.

ஆனால், அதே நாட்டின் செம்முதுகுச் சிலந்திக் கடிக்கு இக்கட்டு கூடாது. அதன் நச்சு மெதுவாக வேலை செய்வது. கட்டினால் வலிதான் மிகும். ஆகவே கடித்தது எது என அறிவது முக்கியம். படமோ எல்லாச் சிலந்தியையும் எமனாக்கிவிடுகிறது. இத்தனைக்கும், கூட்டமாக ஓடிவந்து நம்மை நடுங்க வைப்பவை மனிதருக்குத் தீங்கற்ற ‘அவொண்டேல்’ சிலந்திகளே!

படத்தைப் பாருங்கள், அஞ்சி மகிழுங்கள். ஆனால் கடிபட்டவர் விழும்போது, “கட்டுத்துணி எங்கே? நச்சுமுறி எங்கே?” என்று கேட்டுக்கொண்டே பாருங்கள்.